இடப்பக்கம் திரும்பும் பந்து

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில், கல்குவாரிகளுக்கு இந்தப் பக்கம், கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்று இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான தகரக் கூரை, அதன்கீழ் வரிசையாகப் பச்சைப் பாய்கள், எதிரே வேலிவரைக்கும் புல்வெளி, அதன் நடுவில் குறிக்காக ஒரு கொடி. பாயில் நின்று பந்தைப் புல்வெளிக்குள் அடிக்க வேண்டும். அடித்த பந்துகளை டிராக்டரில் போய் அள்ளி வந்து, கழுவி, மறுபடியும் கூடையில் கொட்டி வைப்பார்கள். சனி ஞாயிறு சென்னையிலிருந்து கார்கள் வரும். மற்ற நாட்களில் காற்றுச் சத்தமும் குவாரியில் வெடி வைக்கிற சத்தமும்தான்.

தேவயானி அங்கே பந்து கழுவத்தான் சேர்ந்தாள். அதற்கு முன்பு அம்மா அம்முலுவோடு நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள். கணவன் கோபால் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவன். கழுவிக் கழுவிச் சலித்துப்போய், இதை அடித்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. பந்தடிக்கிற நீளக் கம்பி மட்டையைக் கிளப் என்பார்கள்; யாரோ உடைத்துப் போட்டுவிட்டுப் போன கிளப் ஒன்று, கழுத்தில் டேப் சுற்றி, ஸ்டோர் ரூமில் கிடந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடித்தாள்.

“பட்டதே தெரியலக்கா. பால் மட்டும் போய்க்கினே கீது,” என்று என்னிடம் சொன்னபோது, அவள் கை தானாகவே அந்தப் பந்தின் வழியைக் காற்றில் கோடு போட்டது. நேர்க்கோடு.

சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்க வருகிற அரவிந்தன் அவள் அடிப்பதைப் பார்த்தார். அதிகம் திருத்தவில்லை. “உன் பால் நேரா போவுது. அதைக் கெடுத்துக்காம இரு, போதும்,” என்றார். வேலை முடிந்து திடல் காலியான பிறகு தினமும் ஒரு கூடை அடித்துவிட்டு வீட்டுக்குப் போவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தத் திடலுக்குத் தவறாமல் வந்தவர் ராஜாராம். ஓய்வுபெற்ற பிறகு திருப்புலிவனம் பக்கம் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டு குடிவந்தவர். சாயங்காலம் மனைவி பிரபாவோடு காரில் வருவார். அவர் அடிப்பார். பிரபா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் புத்தகம் திறந்திருக்கும், கண் பந்தின்மேல் இருக்கும்.

ராஜாராமின் பந்தை யாரும் தப்பாக அடையாளம் சொல்ல முடியாது. கொடிக்குச் சற்று வலப்புறமாகக் கிளம்பும். பாதி வழியில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, இடப்பக்கம் திரும்பிவிடும். திரும்பித் திரும்பி இடது ஓரத்துக் கருவேல வேலியடியில் போய் விழும். டிராக்டர் ஓட்டுகிற கலைச்செல்வன் அந்த மூலைக்குப் போனாலே, “சார் பாலெல்லாம் இங்க கூட்டம் போட்டுக்கினு கீது,” என்பான். அடிப்பதற்கு முன் ராஜாராம் கிளப்பால் பாயை இரண்டு தட்டுத் தட்டுவார். தொண்டையைச் செருமுவார். பிறகுதான் வீச்சு. அந்த வளைவைத் திருத்தித் தருவதாக அரவிந்தன் பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. “எங்க போவும்னு எனக்குத் தெரியுதில்ல? அப்புறம் என்னப்பா?” என்று சிரிப்பார்.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம், தட்டி, செருமி, கிளப்பை ஓங்கியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கூடையோடு அந்த வழியாக வந்த தேவயானி ஓடிப்போய்த் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பிரபா மறுபக்கம் மண்டியிட்டார். அழவில்லை. “கையைப் பாரு, கையைப் பாரு,” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ராஜாராமின் விரல்கள் கிளப்பை விடவில்லை. தேவயானிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்தாள். கார் உத்திரமேரூர் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆவணியில் பிரபா ஒருநாள் தனியாக வந்தார். டிக்கியைத் திறந்து, ராஜாராமின் கிளப்புகள் இருந்த கோல்ஃப் பையை இறக்கினார்.

“இது வீட்ல சுவரோரமா நின்னுகிட்டே இருக்கு, தேவயானி. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. நீ வச்சுக்கோ. சும்மா வைக்காத, அடி.”

“எனக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய சாமான்லாம்?”

“அன்னைக்கு நீதானே வாங்குன அவர் கையிலேர்ந்து,” என்றார் பிரபா.

தேவயானி பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே அடித்துப் பார்த்தாள். கிளப் அவள் பழசைவிட நல்ல கனம். கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கையை வைத்ததும் விரல்கள் தாமாகவே அதில் ஓர் இடம் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டன. அடித்தாள். பந்து வலப்புறமாகக் கிளம்பியது. பாதி வழியில் இடப்பக்கம் திரும்பியது. கருவேல வேலியடியில் போய் விழுந்தது.

புல்வெளி நடுவில் கலைச்செல்வனின் டிராக்டர் நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு நடந்தே வந்தான்.

“யாருக்கா அடிச்சது?”

“நான்தான்.”

“சும்மா சொல்லாத. யார் வந்துகீறாங்க?”

கூரைக்குக் கீழே கடைசிப் பாய்வரைக்கும் எட்டிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. தேவயானி இன்னொரு பந்தை அடித்தாள். அதுவும் அப்படியே போனது. கலைச்செல்வன் திரும்பிப் போய் டிராக்டரில் ஏறிக்கொண்டான். அன்று முழுக்க அந்த இடது மூலைக்கு மட்டும் அவன் போகவில்லை.

பயந்துபோய், டேப் சுற்றிய பழைய கிளப்பை எடுத்து அடித்தாள். பந்து நேராகப் போனது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஐப்பசி மழையில் அரவிந்தன் வருவது நின்றுபோனது. திடலில் ஆளில்லை. பிரபா மட்டும் மழை விட்ட சாயங்காலங்களில் வந்துவிடுவார். நாற்காலியை அதே இடத்தில் போட்டுக்கொள்வார். “அவர் கிளப்புல அடி,” என்பார். தேவயானி அடிப்பாள். பந்து திரும்பும் இடத்தில் பிரபாவின் முகமும் மெல்லத் திரும்பும். நாள் போகப்போக, பழைய கிளப்பில் அடித்த பந்தும் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

“இன்னாக்கா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று கலைச்செல்வன் ஒருநாள் கேட்டான்.

“இல்லியே. ஏன்?”

“ஒவ்வொரு பாலுக்கும் செருமுற.”

அவளுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த பந்துக்கு நின்றபோது தன்னையே கவனித்தாள். கிளப் பாயை இரண்டு தட்டுத் தட்டியது. அவள் தட்டவில்லை, அது தட்டியது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். தொண்டை தானாகச் செருமியது. அன்று மிச்சப் பந்துகளை அடிக்காமலே கூடையைத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விஷயத்தைக் கேட்ட அம்முலு, மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

“சாவுற ஆள மடியில போட்டுக்கினு குந்தினியே, அதான். அது உன்னாண்ட ஒட்டிக்கினு வந்துட்ச்சி. நாளிக்கே மந்திரிச்சிக்கினு வர்லாம் வா.”

“உன் வாய வச்சிக்கினு சும்மா இரும்மா.”

சொன்னாளே தவிர, போய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றோடு அடித்த பந்தும் வேலியடிக்குத்தான் போனது. கோபாலிடம் சொன்னால், “உனக்குப் புடிக்கலைன்னா வுட்டுடேன், யாரு அடிக்கச் சொல்றது?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். விட்டுவிடலாம்தான். ஆனால் சித்திரையில் சென்னையில், கோல்ஃப் திடல்களில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு போட்டி வருகிறது, உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்று அரவிந்தன் போனில் சொல்லியிருந்தார். அவளுக்கு அதில் ஆசை இருந்தது. அந்த வளைவோடு போனால் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மார்கழியில் ஒருநாள், புல்வெளிமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். பிரபா கைப்பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தார். ராஜாராமின் வெள்ளைத் தொப்பி, வியர்வைக் கறையோடு.

“குளிருது பாரு. போட்டுக்கோ.”

தேவயானி தயங்கினாள். வாங்கிக்கொண்டாள். போட்டுக்கொண்டு, முதுகு காட்டி நின்று, ஒரு பந்தை அடித்தாள். அது பனிக்குள் போய், திரும்பி, மறைந்தது. பின்னாலிருந்து பிரபாவின் குரல் வந்தது. எப்போதும் அவளிடம் பேசுகிற குரல் இல்லை. வீட்டுக்குள் பேசுகிற குரல்.

“மாத்திரை போட்டீங்களா?”

தேவயானி திரும்பவில்லை. திரும்பினால் என்ன பார்ப்போம் என்று தெரியவில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன். மத்தியானம் போட வேண்டியது அப்படியே இருக்கே?”

ஏதாவது பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதைவிடப் பயங்கரம், ‘போட்டாச்சு’ என்கிற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றதுதான். தொப்பியைக் கழற்றிப் பாய்மேல் வைத்தாள். அப்படியே ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை வெளியே வரவில்லை.

பொங்கல் கழிந்து அரவிந்தன் வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். தொப்பியை மட்டும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. நாலைந்து பந்துகளை அடிக்கச் சொல்லி போனில் படம் பிடித்தார். அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்.

“பயப்படாத. பந்து ஏன் வளையுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோ. பந்துல படற நேரத்துல கிளப்போட முகம், அதான் பந்துல படற தட்டைப் பக்கம், எந்தப் பக்கம் பாக்குதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். கிளப் வீசற பாதை இன்னொண்ணு. முகமும் பாதையும் ஒரே பக்கம் பாத்தா பந்து நேரா போவும். பாதையைவிட முகம் இடது பக்கம் மூடியிருந்தா இடது பக்கம் சுத்தும். வலது பக்கம் தொறந்திருந்தா வலது பக்கம் சுத்தும். அவ்வளவுதான். இதுல ஆவி கீவி எதுவும் வராது.”

“முன்ன நேரா போச்சே சார்?”

“அதான் கேள்வி. ராஜாராம் சார் கிளப்பைக் குடு.”

கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பிளேடை எடுத்து ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்தார். உள்ளே கம்பியின்மேல் டேப் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கமாகத் திரித்து, மேடு மேடாகச் சுற்றியிருந்தது. ராஜாராமின் இடதுகைச் சுண்டுவிரல் எப்போதோ முறிந்து, மடங்காமல் நின்றுபோனது. அந்த விரலுக்கு இடம் கொடுக்க அவரே வீட்டில் சுற்றிக்கொண்டது அது. அதன்மேல் இருந்த ரப்பரில் அவர் கட்டைவிரல் வருஷக்கணக்காக அழுத்திய பள்ளம்.

“இது அவர் கைக்குன்னு செஞ்ச அச்சு, தேவயானி. நீ எப்படிப் பிடிச்சாலும் உன் கையை அவர் பிடி மாதிரி திருப்பிடுது. கை வலப்பக்கம் உருண்டு நிக்குது. அடிக்கும்போது திரும்பி, முகத்தை மூடிடுது. பால் இடது பக்கம் ஓடுது. ஓடிடுமோன்னு பயந்து நீ வலது பக்கம் தள்ளி வீசற. அதனால இன்னும் அதிகமா வளையுது.”

காரணம் தெரிந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். எல்லா கிளப்புகளையும் உரித்து, புதுக் கைப்பிடி போட அரவிந்தன் சென்னைக்கு எடுத்துப் போனார். உரித்த ரப்பரையும் டேப்பையும் கலைச்செல்வன் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினான். கறுப்புப் புகை அன்று நெடுநேரம் கூரைக்கு அடியிலேயே நின்றது.

புதுக் கைப்பிடியோடு கிளப்புகள் வந்தன. சொரசொரப்பான, பள்ளமில்லாத, யார் கையும் படாத ரப்பர். தேவயானி அடித்தாள்.

பந்து இடப்பக்கம் திரும்பியது.

“ரப்பர்தான் போச்சு சார். அது எங்கையில கீது,” என்றாள். அரவிந்தன் கிளப்பை வாங்கிக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழக்கம் கையை விட்டுப் போக நாளாகும் என்றார். இடதுகையை வைத்துக் குனிந்து பார்த்தால் முதல் இரண்டு விரல் முட்டிகள் மட்டும் தெரிய வேண்டும், அதற்குமேல் தெரிந்தால் கை பழையபடி உருண்டுவிட்டது என்று அர்த்தம். பந்துக்குப் பின்னால், உடம்புப் பக்கமாக ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை நிறுத்தினார். கிளப் உடம்பை ஒட்டி உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் பாட்டிலில் இடிக்கும். “இன்னொண்ணு. வலது பக்கம் திரும்பி நின்னுகிட்டு, எப்படியும் வளைஞ்சு கொடிக்கு வந்துடும்னு சமாளிக்காத. சமாளிக்கச் சமாளிக்க வளைவு வளந்துகிட்டேதான் போவும்.”

தொடக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாட்டில் பறந்தது. கையைச் சரியாக வைத்தால், தன் கை தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் அசந்தால் போதும், யாரோ மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் உருட்டுவதுபோல அது பழைய இடத்துக்குப் போய்விடும். அரை வீச்சு, கால் வீச்சு என்று குறைத்து அடித்தாள். தட்டல் நின்றது. செருமல் நிற்கவில்லை. அந்த நாட்களில் பிரபா ஊரில் இல்லை, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

மாசியில் அவர் திரும்பி வந்த சாயங்காலம் பாட்டில் அசையாமல் நின்றது. தேவயானி முழு வீச்சில் அடித்த பந்து எந்தப் பக்கமும் சாயாமல் போய்க் கொடிக்கு அருகே விழுந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எங்க போச்சு?” என்றார் பிரபா.

“நேராதாம்மா போச்சு. கொடியாண்ட கீது பாருங்க.”

“பந்தைக் கேக்கலை. அவர் எங்க போனார்?”

தேவயானி நடந்ததைச் சொன்னாள். டேப், ரப்பர், அரவிந்தன் சொன்னது எல்லாம். பிரபா கேட்டுக்கொண்டே வந்து கிளப்பைக் கையில் வாங்கி, புதுக் கைப்பிடியைத் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

“பழைய ரப்பர் எங்க?”

“கொளுத்திட்டாங்கம்மா.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறாள் தேவயானி. திட்டவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் போய், இருட்டுகிறவரை காலிப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு வெரல ரெண்டாவது வாட்டி நானே பிரிச்ச மாதிரி ஆயிடுச்சுக்கா. என்னால அந்தம்மா பக்கம் திரும்பவே முடியல.” அதன்பின் பிரபா வரவில்லை.

சித்திரைப் போட்டியில் தேவயானி பரிசு எதுவும் வாங்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தாள். ஆனால் அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர். அவள் பந்துக்கு முன்னால் நின்றாள். அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். தன் தொண்டை இல்லை, வாயை இறுக்க மூடியிருந்தேன் என்று சத்தியம் செய்கிறாள். சத்தம் தோளுக்குப் பின்னால், மிக அருகில். உடன் ஆடியவர்கள் தள்ளி மரநிழலில் நின்றிருந்தார்கள். அவள் அடிக்கவில்லை. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து, பெரியவர் ஒருவருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, குனிந்து கையைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். பந்து தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை.

அந்தக் கோடையிலேயே, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற வேலையைத் திடலில் அவளுக்குக் கொடுத்தார்கள்.

ஆனி மாதம் பிரபாவின் கார் வந்து நின்றது. பின் இருக்கை முழுக்க அட்டைப் பெட்டிகள். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் போகிறார். நாற்காலியை நோக்கி அவர் போகவில்லை. நேராகப் பாய்க்கு வந்தார்.

“ஒரு கிளப் குடு. எது வேணா குடு. இத்தனை வருஷம் பாத்துகிட்டே இருந்தேன், ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை.”

தேவயானி இலேசான ஒன்றைப் பார்த்துக் கொடுத்தாள். பிரபா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வீசினார். முதல் வீச்சு பந்தில் படாமல் காற்றில் போனது. இரண்டாவது முறை பந்து பாயை விட்டு இறங்கி உருண்டதோடு சரி. மூன்றாவது எழும்பி, வலப்பக்கமாக வளைந்து வளைந்து, யார் பந்தும் போகாத பனைமரத்துப் பக்கம் போய் விழுந்தது.

“முகம் தொறந்து கீதும்மா. கையைக் கொஞ்சம் இப்படி…” என்று தேவயானி கையை நீட்டினாள்.

“வேணாம்மா. தொடாத,” என்றார் பிரபா. கோபமாக இல்லை. “இன்னைக்கு ஒரு நாள் அது போற பக்கம் போகட்டும்.”

கூடை காலியாகும்வரை அடித்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டுக் குடித்தார். கோயம்புத்தூரில் இந்த வயதில் சொல்லிக்கொடுப்பார்களா என்று விசாரித்தார். அரவிந்தனிடம் கேட்டுச் சொல்வதாகத் தேவயானி சொன்னாள். கார் சாலையில் ஏறியதும், அவளும் கலைச்செல்வனும் பந்து பொறுக்க டிராக்டரை எடுத்தார்கள்.

“இந்தப் பக்கம்லாம் வண்டி எறக்கினதே இல்லியேக்கா, ஒரே பள்ளமா கீது,” என்று அலுத்துக்கொண்டே அவன் பனைமரங்களின் அடியில் வண்டியை நிறுத்தினான். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இருவரும் இறங்கி, கோரைப்புல்லைக் காலால் விலக்கி விலக்கித் தேட ஆரம்பித்தார்கள்.